அசதின்னே போடுங்க

தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதும் உதட்டில் சிரிப்பு நிற்கப் பழகிவிட்டால் விமானப் பணிப்பெண் வேலையில் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதி, அந்தத் தூக்கம் நிஜம்தான் என்று மேலிடத்தை நம்பவைப்பது. ஆஸ்பத்திரி நர்சுகளே, சிமெண்ட் ஆலை ஷிஃப்டுக்காரர்களே, டோல்கேட் தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இனிச் சொல்லப்போகிறவை எல்லாம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய சமயத்தில் நடந்தவை. அந்த நேரத்தில் பெயரில் ஒரு சின்னக் கரும்புள்ளி விழுந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சும்மா இருக்கிற நாள்

ஸ்டேண்ட்பை என்று ஒன்று உண்டு. டூட்டியும் இல்லை, லீவும் இல்லை. யாராவது வேலைக்கு வராவிட்டால் நம்மைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். யூனிஃபார்மைத் தேய்த்து மாட்டி, கொண்டை போட்டு, லிப்ஸ்டிக் பூசி, பெரம்பலூர் வீட்டுக் கூடத்தில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். குளிக்கப் போனால் போனும் பாத்ரூம் ஜன்னலுக்கு வரும். கொஞ்சம் சாய்ந்தால் கொண்டை குத்தும், கண்ணை மூடினால் ரிங்டோன் கேட்கிற மாதிரியே இருக்கும்.

இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அன்று குன்னத்திலிருந்து வந்த சின்ன வெங்காயத்தை என் முன்னால் கொட்டிவிட்டுச் சொன்னார்: "காலையிலேந்து மேக்கப்ப போட்டுகிட்டு சும்மாதான குந்தியிருக்க, ரெண்டு வெங்காயத்தையாச்சும் உரி."

வெள்ளிக்கிழமை

உரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தம்பி காரை எடுத்தான். திருச்சிக்குப் போகிற வழியில் சிறுவாச்சூரைத் தாண்ட வேண்டும். அங்கே காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது ரோஸ்டர் என்கிற எங்கள் டூட்டி அட்டவணையைப் போடுகிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? வேன்களும் மொட்டைத் தலைகளுமாக ஒரே கூட்டம். கார் நகரவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று விழும், அத்தோடு ஒப்பந்தமும் போச்சு.

கண்ணாடியை இறக்கி, கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் கெஞ்சினேன். வெங்காயம் உரித்த கண் வேறு சிவந்திருந்ததா, நான் அழுவதாகவே அவர் நினைத்துவிட்டார். வாரத்தில் எத்தனை நாள் வேலை என்று கேட்டார். அப்படியெல்லாம் கணக்கே கிடையாது, கூப்பிட்டால் போக வேண்டியதுதான் என்றேன். விசிலை ஊதி வழிவிட்டபடியே சொன்னார்: "உள்ள இருக்கற அம்மாளுக்கே வாரத்துல ரெண்டு நாளுதான் டூட்டி. ஒனக்கு எவம்மா இப்புடிப் போட்டான்?"

பந்தியில்

அரியலூரில் மாமா மகள் கல்யாணம். போகாவிட்டால் மாமா ஆயுசுக்கும் பேசமாட்டார். காலையில் விமானத்தை விட்டு இறங்கியவள் அப்படியே பஸ் பிடித்துப் போனேன். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ "அம்மா" என்று குனிந்து கூப்பிட்டார்கள். நான் கண்ணை மூடியபடியே நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்து, "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா சார்?" என்று கேட்டிருக்கிறேன்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. தூக்கத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே வேலை பார்க்கிறது என்றால், கை என்ன செய்யும்? வாளியோடு நின்றவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "கல்யாண வூடு தாயி, எல்லாம் சைவந்தான். நீங்க சாம்பார ஊத்திக்குங்க."

ரெஸ்ட் கொடுத்தாச்சு

மறுநாளே இன்னொரு டூட்டி. ரோஸ்டர் பிரிவுக்குப் போன் செய்தேன். அங்கே எப்போதும் எடுக்கிற ஒருவர் உண்டு. முகம் பார்த்ததில்லை, குரல்தான். "சார், வேலை முடிஞ்சதுமே ரெஸ்ட் கணக்க ஆரம்பிச்சுடுறீங்க. பஸ்ஸுல நின்னுகிட்டு வர்றதும் ரெஸ்ட்டா? போன வாரம் விடியற்காலை டூட்டி, இந்த வாரம் ராத்திரி டூட்டி. பகல்ல படுத்தா பக்கத்துல மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் ஓடுது" என்று கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விதிப்படி ரெஸ்ட் கொடுத்தாச்சு மேடம். நீங்க தூங்குனீங்களா இல்லியாங்கறது சிஸ்டத்துல வராது."

கதவு

விமானம் கிளம்புமுன் கதவோடு, ஆபத்தில் ஆட்கள் சறுக்கி இறங்குவதற்கான ரப்பர் சறுக்குமரத்தை இணைத்துவைப்போம். அப்போது கதவைத் திறந்தால் அது வெடிக்கிற வேகத்தில் காற்று நிரம்பி வெளியே பாயும். தரையிறங்கியதும் இணைப்பை எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். இணைப்பு இருக்கும்வரை கதவுக் கண்ணாடியின் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை கிடக்கும். ஒருத்தி கதவை இன்னொருத்தி பார்த்துச் 'சரி' என்று கட்டைவிரலைக் காட்ட வேண்டும்.

வளைகுடாவுக்குப் போய்விட்டுத் திருச்சியில் இறங்கினோம். எதிர்க் கதவில் என் தோழி மெர்சி. நான் விரலைக் காட்டினேன், அவளும் காட்டினாள். இருவருமே பார்க்கவில்லை, விரல்கள் பழக்கத்தில் தாமாகவே எழுந்தன. வெளியே படிக்கட்டின் உச்சியில் நின்ற ஊழியர் கதவைத் தட்டினார். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப்போனவள், அவர் முகத்தைப் பார்க்கக் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். முகத்துக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை.

கை அப்படியே நின்றுவிட்டது. தூக்கியிருந்தால் சறுக்குமரம் பாய்ந்து அந்த மனிதரை நெஞ்சில் அடித்துக் கீழே தள்ளியிருக்கும். இணைப்பை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துத் திறந்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன மேடம், எவ்ளோ நேரமா நிக்கிறேன், உள்ள தூங்கிட்டீங்களா?"

அசதி

"வுடுடி, ஒண்ணும் ஆவல. அடுத்த டூட்டிக்கு முடியலன்னா வயித்துப்போக்குன்னு சொல்லு. அசதின்னு மட்டும் வாயத் தொறந்துடாத" என்றாள் மெர்சி. அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் வேலையில் வயிற்றுப்போக்கை யாரும் கேள்வி கேட்பதில்லை. அசதி என்று சொன்னால் மட்டும் ரோஸ்டர் மேலேயே குறை சொன்னதாகிவிடும்.

ரோஸ்டர் பிரிவிலிருந்து அதே குரல் அழைத்தபோது நான் கதவைப் பற்றிச் சொன்னேன். பறக்க முடியாது, அசதி என்றேன். "ரினியூவல் நேரம் மேடம். காய்ச்சல்னு போட்டுக்கவா?" என்று அவரே கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் படிக்கட்டில் நின்ற அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. "அசதின்னே போடுங்க சார்" என்றேன். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் தணிந்து, முதல்முறையாக ஊர்க் குரலாக மாறியது: "போட்டுட்டேன் மேடம். நானும் நேத்துலேந்து வூட்டுக்குப் போவல. எனக்கு அசதின்னா நான் யாருக்குப் போன் பண்றது?"

என் ஒப்பந்தம் இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது; பரிசீலிக்கிறவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து முடிவெடுக்கட்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.