மாட்டு முடிச்சு

யுத்தத்துக்குப் பயந்து ரங்கூனிலிருந்து பாய்மரத் தோணியில் ஐந்து பேர் கடலூருக்குப் புறப்பட்டோம். நடுக்கடலில் சுக்கான் உடைந்தது. அதன் இடத்தில் துடுப்பைக் கட்டச் சொன்னார், தோணியை நடத்திய தண்டல். கட்டினேன். ஓர் அலை இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்து, துடுப்பு கடலோடு போய்விட்டது.

"இன்னா முடிச்சுய்யா போட்ட?"

"மாட்டுக்குப் போடறதுங்க. நுனிய இழுத்தா அவுந்துடும்."

செஞ்சிப் பக்கத்து என் ஊரை விட்டு வந்து, நான் மாட்டைத் தொட்டே ஏழு வருஷமாகியிருந்தது. தண்டல் திட்டவில்லை. "உன் கை முன்னாடியே செஞ்சிக்குப் போயிட்டுதுய்யா" என்றபடி பலகை ஒன்றைப் பெயர்த்துச் சுக்கானாக்கினார். அவர் போட்ட முடிச்சைக் கரை சேரும்வரை தினமும் நான்தான் இறுக்கினேன்.

வீடு வந்த அன்று மாட்டைக் கட்டினேன். காலையில் மனைவி கூப்பிட்டாள்: "இன்னாங்க, அவுக்கவே முடியலியே!"

அரிவாளால் கயிற்றை அறுத்தேன். இந்தமுறை என் கை எங்கே போயிருந்தது என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.