ராசாவின் கொம்பு

எங்கள் மானுக்குக் கொம்பு குட்டை என்று மாமா சொன்ன அன்றே, அதை வளர்த்துக் காட்டுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். மாமா அம்மாவின் தம்பி. மேற்கே மலையடிவாரத்தில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். எதை எடுத்தாலும் தன் ஊரில்தான் பெரிது என்பார்.

ராசா, எங்கள் கடலோர ஏரிக்கு வடக்கே தீவுக்காட்டில் விறகு வெட்டப் போன நைனாவுக்குக் குட்டியாகக் கிடைத்த புள்ளிமான். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கடலில் நிற்கும் ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கப்பல்களுக்கு, அவர்களுடைய கோட்டைச் சரக்கைப் படகில் கொண்டுபோவது நைனாவின் வேலை. அந்த வருஷம் கோட்டைத் துரை, கப்பலில் அனுப்ப நல்ல கொம்புள்ள மான் ஒன்று வேண்டும் என்று ஆள்விட்டிருந்தார். நைனா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை. கப்பலுக்குப் போவதென்றால் காலையில் நைனாவோடு போய், மாலையில் நைனாவோடு திரும்புவது. வேறு மாதிரி நான் கண்டதில்லை.

காய்ந்த இறாலைப் பொடித்துப் போட்டால் கோழி கொழுக்கும். அதையே ராசாவுக்கும் வைத்தேன். முகர்ந்துவிட்டுத் தும்மியது. விடுவேனா? தவிட்டில் பிசைந்து ஊட்டினேன். தினமும் முழம்போட்டுப் பார்த்தேன். கொம்பு இருந்தபடியே இருந்தது.

துரையின் ஆட்கள் வந்த காலையில், ராசாவைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி நிறுத்தினேன். அவர்களுக்குப் பிடித்துப்போய், கழுத்தில் கயிற்றையும் போட்டுவிட்டார்கள். நைனா தரையைப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான், முந்தின இரவு ஊரிலிருந்து வந்திருந்த மாமா தன் கோணியை அவிழ்த்து, மலைப்பக்கத்துப் புள்ளிமானின் கொம்பு ஒன்றை எடுத்து ராசாவின் தலையருகே பிடித்தார். ஒன்றரை மடங்கு இருந்தது. என்னைச் சீண்டத்தான் அதைச் சுமந்து வந்திருக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது.

"இது உப்புக்காத்துல முள்ளத் தின்னு வளந்த தீவு மானுங்க. இவ்ளோதான் வளரும். இத்த அனுப்புனா தொரைக்குத்தான் கேவலம். மலையிலருந்து நான் புட்ச்சினு வந்து தர்றேன்னு சொல்லுங்க."

அவர்கள் கயிற்றைக் கழற்றினார்கள். நான் அதைப் பிடித்து இழுத்து, "பொய்யி, இன்னும் வளரும்" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

பிறகு மலைமான் வந்தது. நைனாவின் படகில் அது தலைநிமிர்ந்து போனதைக் கரையில் நின்று பார்த்துப் பொறாமையில் அழுதேன். மாலையில் நைனா வெறும் படகோடு திரும்பினார். மான் எங்கே என்று கேட்டேன். கப்பலிலேயே இருக்கிறது என்றார். ராத்தங்கவும் சொல்லிவிட்டார்களா என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. மாமாவோடு இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று, ராசாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்தேன்.