வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர்

சனிக்கிழமை மதியம் கிளியோபஸின் சலூன் நாற்காலி பின்னால் சாய்ந்ததுமே ஹோசியா பெட்வேக்குக் கண் சொக்கியது. முகத்தில் சூடான ஈரத்துண்டு. அமெரிக்காவின் தெற்கே மொபீல் நகரத்து வெயில் அதற்குள்ளும் மஞ்சளாகக் கசிந்தது. கனவில் அவன் ஓட்டும் பள்ளிப் பேருந்து ஆற்றின் மேல் மிதந்து போனது. பிள்ளைகள் பாடினார்கள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் போலீஸின் நீல விளக்கு இல்லை, தண்ணீர்தான் தெரிந்தது. அப்படியே போய்க்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் சோதனை. ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மனைவி செத்துப் போன பிறகு அந்தப் பிள்ளைகளின் இரைச்சல்தான் அவனுக்கு வீடு.

கையில் பிரஷர் பார்க்கும் பட்டை இறுகியது. எங்கள் கறுப்பு ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டாலும் முடிவெட்டப் போவார்கள்; அதனால் சீப்புக்குப் பக்கத்திலேயே பிரஷர் மெஷினும் இருக்கும்.

"நூத்தி எழுபதுடா! மாத்திரை போடறியா இல்லையா?" என்றான் கிளியோபஸ்.

"அதெதுக்கு? தினம் காலையில ஒரு டம்ளர் வெள்ளரி ஊறுகாய்த் தண்ணி குடிக்கிறேன். புளிப்பு ரத்தக் கொதிப்ப இறக்கும்னு எங்கம்மா சொல்லுவா."

"அதுல இருக்கிற உப்பு மட்டும் லீவு போட்டுட்டுப் போயிடுமா? நெருப்புல எண்ணெய ஊத்திட்டு, அணையலையேங்கிறான் பாரு!"

கடையே சிரித்தது. துண்டை விலக்கிவிட்டு ஹோசியாவும் சிரித்தான்.

வெளியே போலீஸ் சைரன் கேட்டது. சிரிப்பு நின்றது, பக்கத்து நாற்காலியில் முடிவெட்டும் மெஷினும் நின்றது. உட்கார்ந்திருந்த எல்லோருடைய கைகளும், ஒன்றுமில்லை என்று போலீஸுக்குக் காட்டுவதுபோல், தாமாகவே முழங்கால் மேல் விரிந்தன. ஒருவனும் ஒரு தப்பும் செய்யவில்லை. வண்டி நிற்காமல் போய்விட்டது.

பட்டை இன்னும் ஹோசியாவின் கையில்தான் இருந்தது. கிளியோபஸ் மறுபடி பட்டனை அழுத்தினான். நூற்று எண்பத்தாறு.

"இப்ப நான் எந்த உப்பத் தின்னேன்?" என்று மெல்லக் கேட்டான் ஹோசியா.

கிளியோபஸ் பட்டையைக் கழற்றித் தன் கையில் சுற்றினான். சோளக் கஞ்சியைக்கூட உப்பில்லாமல் குடிக்கிற ஆள் அவன். மெஷின் இன்னும் பெரிய எண்ணைக் காட்டியது. இந்த முறை யாரும் கிண்டல் செய்யவில்லை.

"திங்கக்கிழமை நானும் வரேன். ரெண்டு பேருமே மாத்திரை வாங்கிக்குவோம்."

"சாவியப் பிடுங்கிட்டான்னா?"

"போனா போகட்டும். நீ போயிடாதடா."

ஹோசியா துண்டை முகத்தில் இழுத்துக்கொண்டான். பேருந்து மறுபடி ஆற்றில் இறங்கியது. முன் சீட்டில், பிள்ளைகளுக்கு நடுவே, கிளியோபஸ் உட்கார்ந்திருந்தான்.