அந்தோணியின் நாற்பது லிட்டர் கடல்

காலை ஷிப்டில் டீக்கு விட்ட நேரத்தில் ஜெசிந்தாவின் போன் வந்தது. அந்தோணியின் தங்கை அவள். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் அவர்கள் ஊர். கேன்டீன் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய் நின்றேன். "அண்ணன் போயிட்டான்ண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நேத்து சாயங்காலம்கூட, ஏழுமலை இருக்கான், தொட்டிய அவன் பாத்துக்கிடுவான்னு சொல்லிட்டுக் கெடந்தான்ண்ணே" என்றாள். அந்த ஏழுமலை நான்தான். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஏன் பயம் என்பதை நம் லைன் ஆட்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தோணியை நம் மெஷின் ஷாப்பில் தெரியாதவர்கள் கிடையாது. பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் ஒற்றை அறையில்தான் வாடகைக்கு இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே நாங்கள், மேலே அவனும் அவன் தொட்டியும். தொட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாற்பது லிட்டர்தான் பிடிக்கும். நம் கேன்டீனில் சாம்பார் வைக்கிற அண்டா அதைவிடப் பெரிது. அதற்குள் கல், மணல், உப்புக் கலந்த தண்ணீர். கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்றான்.

சொன்னானே தவிர, ஆறு வாரத்துக்கு மீனைக் காணோம். வெறும் கல்லுக்கு லைட் போட்டு வைத்திருந்தான். நம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். "இன்னாப்பா இது, வூடு கட்டிட்டு வாடகைக்கு ஆளே வராத மாரி கீது" என்று நான்கூடக் கேட்டேன். அவனுக்குக் கோபமே வராது. "தண்ணி பழுத்து, மீனு தாங்குத பக்குவத்துக்கு வரணும்ல. எதப் போடலாம்னு பொறவு பாப்போம். எதப் போடக் கூடாதுன்னு மொதல்ல ஒரு லிஸ்டு போட்டிருக்கேன்" என்றான். நிஜமாகவே லிஸ்ட் வைத்திருந்தான். நம் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியது. போடலாம் என்பதில் நாலு பெயர்தான் இருந்தது.

சென்னையில் வளர்ப்பு மீன் விற்கும் கொளத்தூருக்கு என் வண்டியில்தான் போனோம். கடையில் ஒரு மீன். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், வால் மட்டும் மஞ்சள். என் மகளுக்குப் பிடிக்கும் என்று நான் அதையே காட்டினேன். கடைக்காரரும் "சின்ன குட்டி சார், உங்க டேங்குக்குத் தாராளமா போதும்" என்றார். அந்தோணி தலையை ஆட்டினான். "இன்னைக்குக் குட்டி. இது நாள் முச்சூடும் நீந்துத மீனு. ஒரு சாணு போய்த் திரும்பி, ஒரு சாணு போய்த் திரும்பி, கிறுக்குப் புடிச்சிச் செத்துரும்" என்றான். பிறகு விரல் நீளத்தில் மணல் நிறத்தில் ஒரு மீனைக் கை காட்டினான். கோபி என்று அந்த வகைக்குப் பெயர். அதற்கு இரை போடச் சொல்லி, தின்கிறதா என்று குனிந்து பார்த்து, இன்னும் ஒரு தடவை போடச் சொன்னான். கடைக்காரருக்கு எரிச்சல் வந்துவிட்டது. கூடவே ஒரு பிஸ்டல் இறால், நாலு நத்தை, ஒரு சின்னக் கல்லில் ஒட்டிய பவளம். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தோம் என்று வழியெல்லாம் திட்டினேன்.

இறால் முதல் நாளே மணலுக்குள் போய்விட்டது. ஒரு வாரம் கண்ணிலேயே படவில்லை. "ஏமாத்திட்டான்பா கடைக்காரன்" என்றேன். அப்போதுதான் 'டக்' என்று சத்தம் கேட்டது. கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று நான் பின்னால் நகர்ந்தேன். அந்தோணி முகமெல்லாம் சிரிப்பாக, "அவன்தான் எறாலு, கொடுக்கு நுனியச் சொடுக்குதான்" என்றான். அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. குழி தோண்டுவது அதன் வேலை. வாசலில் காவல் இருப்பது மீனின் வேலை. மண்ணை வெளியே தள்ள வரும்போதெல்லாம் இறால் தன் மீசையை மீன்மேல் வைத்துக்கொண்டே இருக்கும். மீன் வாலை உதறினால் ஆபத்து, உள்ளே ஓடிவிடும். "ரெண்டும் தனித்தனியா வாங்குனது. இங்க வந்து சேந்துக்கிட்டுவ பாத்தியா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

ஆயுத பூஜைக்கு லைன் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒரு நட்சத்திர மீன் வாங்கிக் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கும். மறுநாள் லீவில் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். எனக்கு ஆத்திரம். "ஆசையா குடுத்தத ரிட்டன் பண்றியே, மனுசனா நீ?" என்று கேட்டேன். "இதுக்குத் திங்க என் தொட்டில ஒண்ணும் இல்லல. பட்டினி கெடந்து மூணு மாசங்கழிச்சுச் சாவும். நம்ம ஆசைக்கு அது சாவணுமா?" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன்.

சித்திரை வெயிலில் அவனுக்குக் கால் வீங்கியது. ஓ.டி. பார்த்த அசதி என்று நினைத்தோம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சென்னையில் அட்மிட் ஆகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை இரை. தண்ணி கோட்டுக்குக் கீழ போனா ஊத்து. கேன் மேசைக்கு அடியில இருக்கு" என்றான். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தான். அவ்வளவுதான் சொன்னான். எனக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பான்.

மேசைக்கு அடியில் இரண்டு வெள்ளைக் கேன் இருந்தன. நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கரித்தது, ஒன்று கரிக்கவில்லை. நம் மெஷினில் கூலன்ட் குறைந்தால் என்ன செய்வோம்? வெறும் தண்ணீர் ஊற்றினால் துருப் பிடிக்கும், எண்ணெய் சேர்த்த கலவைதான் ஊற்ற வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன் நான். கடல் மீனுக்கும் அதே கணக்குத்தான் என்று கரித்த தண்ணீரை ஊற்றினேன். தினமும், கோடு வரைக்கும், சிந்தாமல். கேன் தீர்ந்ததும் உப்புப் பாக்கெட்டைப் பிரித்து, அதில் போட்டிருந்த அளவுப்படி கலந்து வைத்தேன். என்ன ஒரு பொறுப்பு! 'சந்தேகம் வந்தால் நிறுத்து, கேள்' என்று என் மெஷினுக்கு மேலேயே போர்டு தொங்குகிறது. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இரண்டாம் வாரம் பவளம் மூடிக்கொண்டது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. வெயில் என்று நினைத்து ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். காற்று பட்டுத் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறைந்தது, நான் இன்னும் ஊற்றினேன். ஒரு நாள், சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். மறுநாள் காலை இறால் குழி வாசலில் வெளுத்துக் கிடந்தது. மீன் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தான். அவன் அம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சத்தம் கேக்குதால?" என்றான். அதுதான் முதல் கேள்வி. "கேக்குதுப்பா" என்றேன். அம்மாவிடம் விரலைச் சொடுக்கிக் காட்டினான். விரலில் பலமில்லை, சத்தம் வரவில்லை. பிறகு என்னிடம், "பில்டர் தண்ணிதான ஊத்துத? கிறுக்குப் பய நான், அதச் சொல்லாமலே வந்துட்டேன். தண்ணிதான காத்துல போவுது, உப்பு அங்கனயேதான கெடக்கும்" என்றான். கரிக்காத கேனில் இருந்தது அதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிவது. உப்புமேல் உப்பாக மூன்று வாரம் ஊற்றியிருக்கிறேன். "ஆமாம்ப்பா, பில்டர் தண்ணிதான்" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான், நிம்மதியாக.

அடுத்த வாரம் டாக்டர்கள் கை விரித்துவிட்டார்கள். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கேயும் அவன் போனில் கேட்டதெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான். நானும் கேட்கிறது, கேட்கிறது என்றேன்.

அவன் போன மறுநாள் லைன் மீட்டிங்கில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றோம். பிறகு சூப்பர்வைசர், "அந்தோணி தொட்டிய இன்னிக்கு வரைக்கும் உசுரோட வெச்சிகினு கீறாரு நம்ம ஏழுமலை" என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். சிலர் என் தோளைத் தட்டினீர்கள். அடப்பாவி, நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மீன் ஒன்று, கண்ணாடியில் அவன் போட்ட கோடு ஒன்று. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மாடி ஏறி, கோடு வரைக்கும் பில்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். இன்னொரு இறால் வாங்கி விடுங்கள், சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். எதைப் போடக் கூடாது என்று அந்தோணி எழுதிய லிஸ்ட் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதில் தொட்டியை யார் கையில் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதாமல் போனான். தோண்ட ஆளில்லாமல் குழி தூர்ந்துவிட்டது. மீன் இன்னும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

சர்ச்சில் அவனுக்கு வைத்த முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் ஜெசிந்தா கூப்பிட்டாள். "அண்ணே, அந்தச் சத்தத்த ஒரு தடவ கேக்கணும்னு அம்மா சொல்லுதாங்க. போன்ல புடிச்சு அனுப்புங்கண்ணே" என்றாள். மாடிக்குப் போனேன். போனைத் தொட்டிமேல் சாய்த்து வைத்தேன். கட்டை விரல் நகத்தால் கண்ணாடியை ஒரு தடவை சுண்டினேன். மீன் பதறிப்போய் குழி இருந்த இடத்தில் பாய்ந்து, மணலில் முட்டிக்கொண்டு நின்றது. அதை அப்படியே அனுப்பிவிட்டேன். "அம்மா மூணு தடவ போடச் சொல்லிக் கேட்டாங்கண்ணே, ரொம்பச் சந்தோசம்" என்று பதில் வந்தது.

ஜெசிந்தா, இதை யாராவது உனக்கு அனுப்புவார்கள், நீ படிப்பாய். அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அந்தச் சத்தம் என் நகம்தானம்மா.