வாளைக்கு உள்ளங்கை நீளம்

லிப்ட்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒன்பது மாடிக் கட்டடத்தில் இரும்பு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தேய்ந்துபோன பட்டன்களை அமுக்கிக்கொண்டே ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் கிண்டலடிப்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவரவர் மாடி வந்ததும் இறங்கிப் போகிறவர்களுக்குக் கோபிக்க ஏது நேரம்?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏரி. பெரிய வாளை மீனைத் தவிர வேறெதற்கும் தூண்டில் போடமாட்டார். வாளைக்கு உயிர்மீன்தான் இரை, அதன் அளவில்தான் சங்கதியே இருக்கிறது. விரல் நீளத்தில் போட்டால் பொடிமீன்கள் கொத்தியே தீர்த்துவிடும். ஒரு சாண் போட்டால் வாளை வாலைக் கவ்வி இழுக்கும், தூண்டில் முள் வாய்க்குள் போகாது. உள்ளங்கை நீளம் வேண்டும். அதைப் பிடித்துத் தருவது அவர் மனைவியின் தம்பி. பக்கத்திலேயே மண்புழுவும் சின்னத் தூண்டிலுமாக உட்கார்ந்து, பிடித்ததில் சரியானதைக் கண்ணாலேயே அளந்து வாளியில் போடுவான்.

"இந்தாங்க மாமா, உங்க மகாராஜாவுக்குச் சாப்பாடு."

போன வருடம் இடுப்புயர வாளை ஒன்று மாட்டியது. கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் மச்சானிடம், "நீங்க என்ன பிடிச்சீங்க?" என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் லிப்ட்காரர் முந்திக்கொண்டார்.

"அவன் என்னத்தப் பிடிச்சான்? என் மீனுக்குத் தீனி பிடிச்சான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அவனுக்கு. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அதிலிருந்து கடை இரைதான். அத்தனையும் விரல் நீளம். வாளை கிடைக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்தில் பேச ஆளில்லாமல் அவருக்கு ஏரியே பிடிக்காமல் போயிற்று. மனைவியைத் தூது போகச் சொன்னார்.

"பேசினது உங்க வாய். நீங்களே போங்க" என்றாள் அவள்.

போனார். மச்சான் நாற்காலி போட்டான், காப்பி கொடுத்தான், "சொல்லுங்க" என்றான். அந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. நீ இல்லாம அங்க உட்கார முடியல" என்றார்.

மச்சான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தான். "பார்க்கலாம் மாமா" என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "பார்க்கலாம்னா வரமாட்டான்னு அர்த்தம்."

"மாமான்னு சொன்னானே!" என்றார் லிப்ட்காரர்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். இரைக் கடையைத் தாண்டும்போது கடைக்காரர் கூப்பிட்டார்.

"என்ன, இரை வாங்காம போறீங்க?"

"வேண்டாம்பா. என் மச்சான் வர்றான். அவன் பிடிச்சுத் தருவான்."

வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வாளியில் தண்ணீர் மொண்டு, மச்சான் உட்காரும் இடத்துக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். சுற்றிலும் தூண்டில்கள் இறங்கின. நீங்கள் இரை போடவில்லையா என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். இதோ, ஆள் வந்துகொண்டிருக்கிறது என்றார். வெயில் ஏறியது. வெறும் முள்ளைக் கையில் பிடித்தபடி அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.