சண்டை வந்தால் யார் வெளியே போவது

இரண்டாவது கல்யாணத்துக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சண்டை வந்தால் வீட்டை விட்டு அவர்தான் வெளியே போக வேண்டும், நான் போக மாட்டேன். முதல் கல்யாணத்தில், பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கட்டிய சேலையோடு பஸ் ஏறியவள் நான். இப்போது கும்மிடிப்பூண்டியில் அம்மா கொடுத்த மனையில் நானே கட்டிய வீடு இருக்கிறது. சூடு கண்ட பூனைக்கு வாய்ச்சொல் போதுமா? எழுத்தில் வேண்டியிருந்தது.

அவர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் இரும்புக் கம்பெனியிலேயே கிரேன் ஓட்டுகிறவர். மனைவியை இழந்தவர். நிபந்தனையைச் சொன்னதும் டீயை உறிஞ்சிக்கொண்டே, "எழுதிக்கோ. சண்ட வந்தா நான் கிரேன் கேபின்ல போயி படுத்துக்குறேன்" என்றார். சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தேன். ஊன்றி நடக்கலாம், வலி தெரியாது.

பொன்னேரியில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி ஒப்பந்தமா? போடலாம். ஆனா நம்ம ஆளுங்களுக்கு அது கோர்ட்ல நிக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

கோவாவில் கல்யாணத்துக்கு முன்பே சொத்து யாருக்கு எப்படி என்று எழுதிப் பதிந்துகொள்ளலாமாம். முஸ்லிம்களுக்குத் திருமணமே ஒப்பந்தம்தான். மாப்பிள்ளை தரும் மஹரோடு சேர்த்து நிபந்தனைகளையும் எழுதிக்கொள்ளலாம். இந்துக்களுக்கு மட்டும் அது சடங்கு, ஏழேழு ஜென்மத்து பந்தம் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். ஆண் எத்தனை பேரைக் கட்டினாலும் கேள்வி இல்லை. ஐம்பதுகளில் வந்த சட்டம்தான் நாடு முழுக்க ஒருவருக்கு ஒருவர் என்றது, எல்லாருக்கும் விவாகரத்தையும் கொடுத்தது. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலும் கல்யாணம் கல்யாணம்தான் என்று நம் மாநிலம் சொல்ல அறுபதுகளின் கடைசி ஆகிவிட்டது. ஏழேழு ஜென்மத்து பந்தத்துக்கு எத்தனை திருத்தம் பாருங்கள்.

பிரிவதற்கான வழியை முன்கூட்டியே எழுதி வைத்தால், அது பொதுநலனுக்கு விரோதம் என்று கோர்ட் தள்ளிவிடக்கூடும் என்றார் வக்கீலம்மா. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்பதை ஒளிக்காமல் எழுதி, அவரவர் தனி வக்கீலிடம் கேட்டு, கட்டாயம் இல்லாமல் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு ஒரு சாட்சியமாகப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். "ஊடு உன் பேர்ல இருக்குற வரைக்கும் உன்னுதுதான். கல்யாணம் அத ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு, "மொத கல்யாணத்தோட கோர்ட் ஆர்டர் குடு" என்று கை நீட்டினார்.

நான் ஊரில் எழுதிய முறிவுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் குப்பத்தில் பிரிவது என்றால் கோயில் வாசலில் ஊர்க்கட்டு என்கிற பஞ்சாயத்து கூடும். தாலியைக் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட, ஊர்ப் பெரியவர்களும் போடுவார்கள். அதற்கு மேல் ஒரு முறிவு உண்டு என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"இது விவாகரத்து இல்லம்மா" என்றார் வக்கீலம்மா. சாதி வழக்கப்படி பிரிவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். ஆனால் அது காலங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதைவிட இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போடுவது சுலபம். ஆக, இத்தனை வருடமும் நான் என் முதல் புருஷனின் மனைவியாகவே இருந்திருக்கிறேன். அவனோ மறு வருடமே வேறொருத்தியைக் கட்டி இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். அவள் கதி என்ன என்று கேட்டேன்.

"புள்ளைங்களுக்கு சட்டம் வழி வச்சிருக்கு. அந்தப் பொண்ணு சட்டப்படி பொண்டாட்டி கெடையாது."

ஐயோ பாவம் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

மனுப் போட்டு, சட்டம் சொன்ன ஆறு மாதமும் காத்திருந்தோம். கடைசி வாய்தாவுக்கு அவன் அவளையும் கூட்டி வந்திருந்தான். சின்னப் பிள்ளை அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. சேர்ந்து வாழ வாய்ப்பு உண்டா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன், அவனும் இல்லை என்றான். முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அப்ப இன்னிலேந்து நான் அவரு பொண்டாட்டியா?"

நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன். "இல்லம்மா. இனிமே மொறப்படி கல்யாணம் பண்ணி ரிஜிஸ்டர் பண்ணாத்தான்" என்றார் அவர்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பைக்கில் உட்கார்ந்து சாவியைப் போட்டுக்கொண்டே, "அதான் குடும்பம் நடத்திக்கினு கீறோமே. இப்ப இன்னா அவசரம்? அப்பால பாத்துக்கலாம்" என்றான்.

"சரி" என்றாள் அவள்.

அந்தச் சரியை எனக்குத் தெரியும். அவன் வீட்டில் நான் தினமும் சொன்ன சரி அது. இதுவரை அவன் எனக்காவது புருஷனாக இருந்தான். இப்போது யாருக்கும் இல்லை. அந்த விடுதலையை நானே ஆறு மாதம் அலைந்து அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, காது சூடாகும் அளவுக்கு வந்தது.

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். "யோவ், ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னிக்கு வரேன்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டு வண்டிய எடு."

"உனக்கு இன்னா வந்துச்சி? நீதான் அத்துக்கினு பூட்டியே."

"சொல்லுய்யா."

கோர்ட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீலம்மா என்னைத் தடுக்கவில்லை. அவன் தலையைச் சொறிந்தான், மண்ணைப் பார்த்தான், "வெள்ளிக்கிழம" என்றான்.

சாவியை நீட்டினேன். அதை அவன் வாங்குவதற்குள் அவள் குறுக்கே கை நீட்டி எடுத்துக்கொண்டாள். பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவனைக் கேட்டாள்.

"எத்தினி மணிக்கு?"