சிவபாலன் சேர் ஏற்ற வேடம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது றமீஸ் மாஸ்டர் கையைப் பிடித்தார். "சிவபாலன் சேர் மோசம் போயிட்டாராம். தம்பிலுவில்ல இருந்து மகன் கதைச்சவர்" என்று சாவுச் செய்தியைச் சொன்னார்.

கல்முனைப் பள்ளிக்கூடத்தில் நம்மோடு பல வருடம் கணிதம் படிப்பித்த மனிதர். முஸ்லிம்களான நம் ஆசிரியர் அறையில் தமிழர் அவர் ஒருவர்தான். இடைவேளையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியிலிருக்கும் மீன் பொரியலுக்கு நாம் அடிபட்டதெல்லாம் ஒரு காலம்.

ஆசிரியர் தினத்துக்கு நாம் போட்ட நாடகம் அன்று கூடப் படிப்பித்த உங்களுக்கு மறந்திருக்காது. ஆங்கிலத்திலிருந்து வந்த பழைய கதை. ஊரார் துப்பித் துப்பிச் சிறுமைப்படுத்திய வேற்று மதத்து வியாபாரி, பழிவாங்கக் கத்தியோடு நீதிமன்றம் வருகிறான். கடைசியில் சொத்தையும் மதத்தையும் பறிகொடுக்கிறான். நெறியாள்கை நான். அந்த வேடத்தை யோசிக்காமல் சிவபாலன் சேருக்குக் கொடுத்தேன். யோசிக்காமல் என்றுதான் நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒத்திகையில் மனம் உறுத்தியது. கத்தி தீட்டும் காட்சியை வெட்டிவிடுவோம் என்றேன்.

"வெட்டாதீங்க சேர். தீட்டினது அவன்தானே" என்றார். "பாவப்பட்டவன் நல்லவனாவும் இருக்கோணும் எண்டு என்ன சட்டம்?"

பிறகு, "வெளியாளா நடிக்க எனக்கு ஒத்திகை தேவல்ல" என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

மேடையில் அவர் கத்தி தீட்டியபோது முன்வரிசைப் பிள்ளைகள் பயந்து பின்னால் நகர்ந்தார்கள். அவன் மதம் மாறவேண்டும் என்று தீர்ப்பு வந்ததும் மண்டபமே கைதட்டிக் கூவியது. நாடகப்படி அவர் உடனே மேடையை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறவில்லை. கூச்சல் ஓயும்வரை சபையைப் பார்த்தபடி நின்றார். அந்த அமைதியில் தாய்மார் பக்கமிருந்து ஒரு குரல், "அந்த மனிசன உட்டிருங்களன்" என்றது. அதன் பிறகுதான் போனார்.

அடுத்த வருடம் இடமாற்றம் கேட்டு ஊரோடு போய்விட்டார். தூரம்தான் காரணம் என்று கடிதத்தில் இருந்தது. நமக்கும் அது வசதியாக இருந்தது.

பல வருடம் கழித்துச் சம்மாந்துறைச் சந்தையில் கண்டேன். அன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்லமாட்டேன் என்று பட்டது.

"அந்த வேடத்த உங்களுக்குத் தந்தது பிழை சேர்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஓம், பிழைதான்" என்றார். "ஆனா வேற ஆருக்கும் குடுத்திருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும்."

சொல்லிவிட்டு என்னைக் கடைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் வாங்கித் தந்தார். என் மனம் ஆறட்டும் என்று 'பரவாயில்லை' சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. அந்த 'பிழைதான்' மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. சாகும்வரை வைத்திருப்பேன்.